20–19: நம் ஞாயிறு ஷட்டில் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் மூவருக்கும், அவர்களோடு சேர்த்து நம் 13 பேருக்கும்,

வணக்கம்.

புதன்கிழமை ராத்திரி நீங்கள் அனுப்பிய தீர்மான வரைவைப் படித்தேன். முதலில் கண்ணாடி இல்லாமல் கையை நீட்டி நீட்டிப் படித்தேன். அப்படியும் நம்பிக்கை வராமல் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் நடக்கும் கூட்டுப் பிரார்த்தனையில் எல்லாரும் நிற்கவேண்டும், நிற்காதவருக்கு முதல் சுற்றில் கோர்ட் கிடையாது, அவர் வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதலாம். சனிக்கிழமைக்குள் கருத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு வரியில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 52 வயசு ஆள் என்றைக்கு நாலு வரியோடு நிறுத்தியிருக்கிறான்?

இந்தத் தீர்மானம் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் வேண்டாம் என்பதற்குள் என் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதை ஒளித்து வைத்துக்கொண்டு கொள்கை பேசினால் நன்றாக இருக்காது. ஆனால் அது கடைசியில்தான் வரும். தைரியம் சேர்த்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

யாரும் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். காலையில் ரத்த அழுத்த மாத்திரைக்கும் செய்தித்தாளுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நிற்காமல் எனக்கு நாள் தொடங்காது. இருபதுகளில் வேலை கேட்டேன். முப்பதுகளில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று கேட்டேன். நாற்பதுகளில் கடன் தவணை. இப்போது பட்டியல் சுருங்கிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் போடும் அந்த ‘டக்’ சத்தம் மட்டும் நின்றால் போதும். கொடுக்கிறவருக்கும் வேலை குறைவு. ஆனாலும் அது இன்னும் நிற்கவில்லை.

நம் பிரார்த்தனை எப்படித் தொடங்கியது என்று பாதிப் பேருக்கு மறந்திருக்கும், பிறகு சேர்ந்த நாலு பேருக்குத் தெரியவே தெரியாது. நம் பொருளாளர் நெட் பக்கம் ஒரு டிராப் எடுக்க ஓடினார். பாதியில் நின்று, சட்டென்று திரும்பி, “யாருய்யா பின்னால உதைச்சது?” என்று கேட்டார். பின்னால் யாரும் இல்லை. அவரும் சுவரும்தான். குதிகால் நாண் அறுந்திருந்தது. யாரோ உதைத்த மாதிரி இருந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நாற்பதைத் தாண்டி வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் குதிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான் என்று மருத்துவர் சொன்னார். ஆறு மாசம் அவர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து நமக்கு ஸ்கோர் சொன்னார். திரும்பவும் கோர்ட்டில் கால் வைத்த காலையில், யார் சொன்னது என்றுகூட நினைவில்லை, “ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா” என்று ஒரு குரல் வந்தது. நின்றோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரவர் தெரிந்த மாதிரி, தெரிந்த மொழியில், தெரிந்த பெயரில். மூன்று மதத்துக்காரர்களும் ஒரு மதமும் இல்லாத ஒருவரும் ஒரே வட்டத்தில் நின்றோம். ஆமாம், அன்று அவரும் நின்றார். இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் அந்த ஒரு நிமிஷம் வளர ஆரம்பித்தது. மௌனமாக இருந்தது சத்தமானது. சத்தமானதும் யாராவது ஒருவர் வழிநடத்த வேண்டியதாயிற்று. வழிநடத்துபவர் வந்ததும் நீளமாயிற்று. பாதுகாப்புக்கு நன்றி சொல்லி முடித்த கையோடு உடல்நலம், குடும்பம், நாட்டு நிலைமை என்று போய், கடைசியில் போன வருஷம் அந்தக் குழுப் போட்டிக்கு முன்னால், “இன்றைக்கு வெற்றியை எங்களுக்குத் தாரும்” என்பதில் வந்து நின்றது. நானும்தான் “ஆமென்” என்றும் “அப்படியே ஆகட்டும்” என்றும் இரண்டையும் சேர்த்து முணுமுணுத்தேன். கண்ணைத் திறந்தால் நெட்டுக்கு அந்தப் பக்கம் எதிரணிக்காரர்களும் வட்டமாக நின்று தலை குனிந்திருந்தார்கள். அவர்கள் வட்டம் நம்முடையதைவிடப் பெரியது. அன்று 3–1 என்று தோற்றோம். அடுத்த ஞாயிறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெயித்திருந்தால் பேசியிருப்போம்.

2019 ஜூலை 14-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் நியூசிலாந்தும். இரு அணிக்கும் 241. சூப்பர் ஓவரிலும் இரு அணிக்கும் 15. கடைசியில் பவுண்டரிகளை எண்ணி, 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். இரண்டாவது ரன்னுக்குப் பாய்ந்த ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு, ஃபீல்டர் எறிந்த பந்து எல்லைக் கோட்டுக்குப் போனதே, அது யார் செயல்? ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து கேப்டன் மோர்கனிடம், அவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால், அயர்லாந்து அதிர்ஷ்டமா என்று கேட்டார்கள். எங்கள் அணியின் அடில் ரஷீதிடம் பேசினேன், அல்லாவும் நம்மோடு இருந்தார் என்று அவர் சொன்னார் என்றார் மோர்கன். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. பல இடத்திலிருந்து வந்தவர்கள் ஓர் அணியாக நின்றதைச் சொல்கிற பதில் அது. ஆனால் அன்று ராத்திரி படுத்தபடி நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சனை நினைத்தேன். ஒரு ரன்கூடக் குறைவாக எடுக்காமல் தோற்ற மனிதர். அவர் முகத்தில் கோபமே இல்லை, பாதிச் சிரிப்புத்தான். அவரோடு யார் இருந்தார்? மேலே இருப்பவர் பவுண்டரி எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்? அந்த எண்ணுகிற விதியையே மூன்று மாசத்தில் ஐசிசி தூக்கிவிட்டது. அவர் பேரில் சொன்ன தீர்ப்பாக இருந்தால் அவ்வளவு சுலபமாகத் தூக்கியிருக்க முடியுமா?

வெற்றியை வேண்டுவதில் எனக்கு இருக்கும் சங்கடம் இதுதான். அது நம்பிக்கையைப் பெரிதாக்குவது மாதிரி தெரியும். உண்மையில் கடவுளை நம் அணியின் பன்னிரண்டாவது ஆளாக, அதுவும் கூப்பிட்டால் மட்டும் வருகிற ஆளாக, சுருக்கிவிடுகிறது.

நம்பிக்கையால் பாயிண்ட் கிடைத்த கதையைவிட, நம்பிக்கையால் பாயிண்ட் போன கதைகள்தான் எனக்கு நம்பும்படி இருக்கின்றன. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் 100 மீட்டர் ஓடவில்லை. தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை, தீவிரக் கிறிஸ்தவரான அவருக்கு ஞாயிறு ஓய்வு நாள். மாசக்கணக்கில் முன்பே தெரிந்திருந்ததால் 400 மீட்டருக்குப் பழகி, அதில் 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார் என்பது பலருக்குத் தெரியும். தங்கத்தை விட்டுவிடுங்கள். 400-ல் நாலாவதாக வந்திருந்தாலும் அவர் அந்த ஞாயிறு ஓடியிருக்க மாட்டார். அதுதான் கதை. (நாம் ஞாயிற்றுக்கிழமைதான் ஆடுகிறோம் என்பதை இந்த இடத்தில் யாரும் கவனிக்காமல் போவது நல்லது.)

இன்னொருவர் இங்கிலாந்தின் ஜொனாதன் எட்வர்ட்ஸ். இவரும் ஞாயிற்றுக்கிழமை குதிக்க மாட்டேன் என்று 1991 உலகப் போட்டிக்கே போகாதவர். பிறகு யோசித்து மனசை மாற்றிக்கொண்டு ஞாயிறும் குதித்தார். 1995-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் மும்முறைத் தாண்டலில் 18.29 மீட்டர். அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2007-ல், தனக்கு இப்போது கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சாதனை அப்படியே நிற்கிறது, நம்பிக்கை போய்விட்டது. இதைக் கேட்டு நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பாடம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஆள் தன் மனசில் இருப்பதை, இருந்தபோது இருந்தது என்றும் இல்லாதபோது இல்லை என்றும் சொன்னார், அவ்வளவுதான். எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

இப்போது லேஸ் கட்டுகிறவருக்கு வருவோம்.

தீர்மானம் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் 14 பேரில் வட்டத்துக்கு வெளியே நிற்கிறவர் ஒருவர்தான். அவருக்கு ஷூ லேஸ் கட்ட ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிரார்த்தனை நீளும் அளவுக்கு லேஸும் நீளும். அவிழ்த்துக் கட்டுவார், அது சரியில்லை என்று மறுபடி அவிழ்ப்பார். நம்மை ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஏளனமாகச் சிரித்ததில்லை. போனில் பேசிக்கொண்டுகூட நிற்பதில்லை. அவரை நான் புனிதராக்கப் போவதில்லை. ஆள் தினமும் தாமதம், புது ஷட்டில் திறக்க வேண்டிய நாளில் பழசிலேயே ஆடலாம் என்பார். எந்த விவாதத்திலும் அடுத்தவர் பேச்சை முடிக்க விட்டதில்லை. பார்ட்னர் தப்பு செய்தால் அண்ணாந்து விட்டத்தைப் பார்ப்பார், அது திட்டுவதைவிட மோசம். ஆனால் ஒன்று. 11 வருஷமாக அவரோடு ஆடுகிறேன். அவர் பக்கத்தில் விழுந்த ஷட்டிலை அவர் ‘அவுட்’ என்று சொன்னால் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். நம்மில் ‘லைன் தகராறு’ வராத ஒரே ஆள் அவர்தான். அவருக்குச் சந்தேகம் வந்தால் பாயிண்ட் எதிராளிக்கு. ஷட்டிலைப் பொறுக்கி நெட்டுக்கு மேலே போட்டுவிட்டு, “உள்ளே” என்று ஒரே வார்த்தை.

நம் ஆட்டத்தின் அமைப்பே அப்படி. பெரிய போட்டிகளில் கோட்டுக்கு ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு மேலும் சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர் கையைத் தூக்கி முறையிடலாம், கேமரா படத்தில் ஷட்டில் விழுந்த இடம் தெரிந்துவிடும். நமக்கு என்ன இருக்கிறது? நெட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் இந்தப் பக்கத்துக்காரன் வாய், அந்தப் பக்கம் விழுந்தால் அந்தப் பக்கத்துக்காரன் வாய். இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கு எத்தனை தடவை அந்தத் தீர்ப்பு வரும் என்று எண்ணிப் பாருங்கள். யாருக்காவது கடவுள் பயம் இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. வட்டத்தில் நின்று கண்ணை மூடுவதை எல்லாரும் பார்க்கிறார்கள். கோட்டில் கண் திறந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் நம் செயலாளர் மாசம் ஒரு தடவை அனுப்புகிற அந்த ஓட்டக்காரர்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாக்காரர் எல்லைக் கோடு வந்துவிட்டதாக நினைத்து முன்னாலேயே நின்றுவிடுகிறார், பின்னால் வந்த ஸ்பெயின்காரர் அவரைத் தாண்டாமல், போ போ என்று சைகை காட்டி, அவரையே ஜெயிக்க விடுகிறார். செயலாளர் அனுப்புகிற வடிவத்தில் இது ஒலிம்பிக்கில் நடக்கும், நிருபர் கேள்வி கேட்பார், “என் அம்மா என்ன நினைப்பார்?” என்று வசனம் வரும், பின்னணியில் வயலின் வேறு. நடந்தது 2012 டிசம்பரில், ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் புர்லாதா என்ற ஊரில், ஒரு சாதாரண கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில். முன்னால் ஓடியவர் அபெல் முத்தாய், அந்த வருஷம்தான் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். பின்னால் வந்தவர் இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா. வசனம் எதுவும் இல்லாமலே கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் வேறு ஒருவர்: அனாயாவின் பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிஸ். அவரே மாரத்தானில் உலக சாம்பியனாக இருந்தவர். இந்தச் செயலால் இவான் நல்ல மனிதனாகியிருக்கலாம், நல்ல ஓட்டக்காரனாகவில்லை, நானாக இருந்தால் தாண்டியிருப்பேன் என்கிற மாதிரி பேசினார். அவரைத்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது. தினமும் கண்ணாடியில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

நம் பக்கத்துக் கதை ஒன்று இதைவிடக் கனமானது. 1980 பிப்ரவரி, வான்கடே, கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்தின் பாப் டெய்லர் கேட்ச் ஆனதாக நடுவர் கையைத் தூக்கிவிட்டார். டெய்லர் பாதி மனசோடு நிற்கிறார். ஸ்லிப்பில் நின்ற நம் கேப்டன் விஸ்வநாத், பந்து மட்டையில் படவில்லை என்று நடுவரிடம் சொல்லி, அவரைத் திரும்பி ஆடக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன். போத்தம் சதம். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு, பின்னால் என் மாமா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவர் சொல்லிமுடித்து, “பைத்தியக்காரன்” என்றார். சொன்ன குரலில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. விஸ்வநாத் அன்று பிரார்த்தனை செய்துவிட்டு இறங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை.

மறுபக்கத்துக்கு மரடோனா. 1986 ஜூன் 22, அஸ்டெக்கா மைதானம், உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்துக்கு எதிரான கால் இறுதி. கையால் தட்டி கோல் போட்டுவிட்டு, கொஞ்சம் மரடோனாவின் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்றார். உலகமே சிரித்தது, நானும் சிரித்திருக்கிறேன். நாலு நிமிஷத்தில் அவரே போட்ட அடுத்த கோலைப் பார்த்தால் கோபப்பட யாருக்கு மனசு வரும்? ஆனால் யோசித்தால், செய்த தப்புக்குக் கையெழுத்துப் போட மேலே இருப்பவரை இழுத்துவிட்ட மாதிரிதான். அவர் கையைத்தான் இழுத்தார். நான் இழுத்தது கண்ணை.

சரி. வந்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, இரண்டாவது கோர்ட், மூன்றாவது கேம். நானும் செயலாளரும் ஒரு பக்கம். லேஸ்காரரும் நம் பொருளாளரும் அந்தப் பக்கம். நாங்கள் 20, அவர்கள் 19. அன்றைக்கு வட்டத்தில் பிரார்த்தனையை வழிநடத்தியது நான். “எங்கள் கண்ணையும் காலையும் காத்தருளும்” என்று நானே சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, வசதியாக இல்லாவிட்டாலும்.

லேஸ்காரர் அண்டர்ஹேண்டில் ஒரு லாப் தூக்கினார். 2023-ல் நம் நாட்டு ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. அப்படி ஒன்று வந்திருந்தால் ‘பார்க்கவில்லை’ என்று சொல்ல எனக்கு வழி இருந்திருக்கும். வந்தது லாப். இறகு ஷட்டில் மேலே போகும்போதுதான் வேகம். உச்சிக்குப் போனதும் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கிட்டத்தட்ட நேர்க்கோடாக, அவசரமே இல்லாமல் இறங்கும். நான் பின்னால் போய்விட்டேன். மட்டையைத் தூக்கினேன். வெளியே போகும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். என் இடது காலுக்கு ஒன்றரை அடி தூரத்தில் இறங்கியது.

நம் கோர்ட்டின் கோடு 40 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலம் முழுவதும் கோர்ட்டுக்குச் சொந்தம், வெளியே அல்ல. ஷட்டிலின் கார்க் 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கார்க் கோட்டின் வெளிவிளிம்பில், பாதிக்கு மேல் வெள்ளையில் பட்டு, ‘டொக்’ என்று ஒரு தடவை குதித்து, பின்னால் உருண்டு, இறகு சுவரைப் பார்க்க நின்றது. நின்ற இடம் வெளியே. விழுந்த இடம் உள்ளே. நான் பார்த்தேன். எனக்கு வெள்ளெழுத்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மருந்துப் புட்டியின் பொடி எழுத்துக்கு. காலுக்கு ஒன்றரை அடி தள்ளி, பச்சைத் தரையில், வெள்ளைக் கோட்டில் விழுகிற வெள்ளை இறகுக்கு எந்தக் கண்ணாடியும் தேவையில்லை.

“அவுட்” என்றேன்.

நாக்கு முந்திக்கொண்டது என்று சொல்ல ஆசை. முந்தவில்லை. பார்த்தேன், அரை நொடி இருந்தது, அப்புறம் சொன்னேன். செயலாளர் நெட் பக்கம் திரும்பி நின்றிருந்தார், அவர் என் வாயை நம்பி “கேம்!” என்று கத்திக் கையைத் தூக்கினார். பொருளாளர் லேசாக முகம் சுளித்தார். லேஸ்காரர் என்னைப் பார்த்தார். விட்டத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். அவர் என்னையே பார்த்து, “சரி” என்றார். நெட்டுக்குக் கீழே கை நீட்டினார். அவர் கை ஈரமாக இருந்தது. என் கையும்.

வீட்டுக்குப் போனால் மனைவி வழக்கத்துக்கு மாறாக, “ஜெயிச்சீங்களா?” என்று கேட்டாள். ஜெயித்தோம் என்றேன். “பரவாயில்லையே” என்றாள். ராத்திரி வழக்கமான பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். சின்ன வயசிலிருந்து சொல்லி வருவது. சாதாரணமாக மூன்றாவது வரியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அன்று கடைசி வரி வரைக்கும் தூக்கமே வரவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்போதும் வரவில்லை. அலுவலகத்தில் ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று வாரத்துக்கு நாலு தடவை சொல்கிறேன், கிளம்பாமலே ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்கிறேன், அதற்கெல்லாம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இது மட்டும் ஏன் தொண்டையில் நிற்கிறது என்று மூன்று வாரமாகப் பார்க்கிறேன். அவர் “சரி” என்று சொன்னதுதான் காரணமாக இருக்கவேண்டும். 11 வருஷமாக நான் அவர் வாயை நம்பியதற்குப் பதிலாக, அவர் ஒரு தடவை என் வாயை நம்பினார். அல்லது நம்பாமலே விட்டுக்கொடுத்தார். எது என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லாததால்தான் 13 பேருக்கும் எழுதுகிறேன். கோழைத்தனம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அடுத்த இரண்டு ஞாயிறு நான் வரவில்லை. முழங்கால் என்று சொன்னேன். அதுவும் பாதிதான் உண்மை.

இந்த மூன்றாவது வாரத்தில்தான் உங்கள் தீர்மானம் வருகிறது. வட்டத்தில் நிற்காத காரணத்துக்காக அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுத, வட்டத்தில் நின்று கண்ணையும் காலையும் காக்கச் சொன்ன நான் முதல் சுற்றில் கோர்ட்டில் இறங்கவேண்டுமாம். அவர் எழுதப்போகும் ஸ்கோரை நம்பலாம் என்பது மட்டும் நிச்சயம்.

வரைவை எழுதியவரின் மனசு எனக்குத் தெரியும். ஒருவர் தள்ளி நின்றால் குழு உடைந்த மாதிரி இருக்கிறது என்று அவர் கவலைப்படுகிறார். கவலை நியாயமானது. ஆனால் முதல் நாள் அவரும் வட்டத்துக்குள் நின்றாரே. நாம் வாயைத் திறந்த பிறகுதான் அவர் லேஸைப் பிடித்தார். திரும்ப வாயை மூடிப் பார்க்கலாமே? ஒரு நிமிஷம், சத்தம் இல்லாமல், வழிநடத்த ஆள் இல்லாமல். பொருளாளரின் குதிகாலுக்காகத் தொடங்கியது, அதற்காகவே இருக்கட்டும். என் முழங்காலையும் யாராவது சேர்த்துக்கொண்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வர விருப்பம் இருப்பவர் வரட்டும், இல்லாதவர் லேஸ் கட்டட்டும். கோர்ட் வழக்கம்போல வந்த வரிசைப்படி. நான் கேட்பது இவ்வளவுதான். வாக்கெடுப்பு வந்தால் என் கை தீர்மானத்துக்கு எதிராக.

இன்னொரு வேலை ஸ்கோர் நோட்டில் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில், இரண்டாவது கோர்ட், மூன்றாவது கேம் என்ற இடத்தில் 21–19 என்று என் கையெழுத்திலேயே இருக்கும். அதை அடித்துவிட்டு 20–20 என்று எழுதிக்கொள்ளுங்கள். செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும், அவர் வருஷப் புள்ளிக் கணக்கில் ஒரு வெற்றி குறையும், அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

அந்த கேம் இன்னும் முடியவில்லை. இரண்டு பாயிண்ட் முன்னால் போகிறவருக்கு, அல்லது இழுத்துக்கொண்டே போனால் 30-ஐ முதலில் தொடுகிறவருக்கு. சர்வீஸ் அவர்களுடையது. ஸ்கோர் இரட்டைப்படை, அதனால் வலது பக்கத்திலிருந்து. வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ரிசீவ் செய்ய நிற்பேன். லேஸ்காரர் தாமதமாகத்தான் வருவார், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது கோர்ட்டின் பின்கோட்டில் நின்றவன்